ஒரு கேலனுக்குப் பதினைந்து

ஒரு வண்டி ஒரு கேலன் பெட்ரோலுக்கு எத்தனை மைல் ஓடும் என்று பார்க்க மலேயாவிலிருந்து ஒருவன் கப்பலேறித் திண்டிவனம் வர வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். வர வேண்டியதாகிவிட்டது. இங்கே அதைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆளும் இல்லை என்று என் அக்கா புருஷன் ஏழுமலை மாமா எழுதியிருந்தார். நான் ஈப்போவில் ஒரு பஸ் கம்பெனியின் பட்டறையில் ஃபோர்மேன். என் கையில் ஓடும் பஸ்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு குடிக்கும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். லீவும் நிறையக் கிடந்தது. அக்காவைப் பார்த்த மாதிரியும் இருக்கும், ஊருக்கு நாலு புத்தி சொன்ன மாதிரியும் இருக்கும் என்று கிளம்பினேன்.

விஷயம் இதுதான். மாமா கிராமம் கிராமமாக மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வாங்கி விழுப்புரத்து எண்ணெய் மில்களுக்குப் போடுகிறவர். புதுச்சேரி நம்மோடு சேர்ந்த பிறகு, ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெள்ளைக்காரர் விட்டுப் போன பெரிய அமெரிக்க பிக்கப் வண்டியை மாமா வாங்கினார். தரகர் டாங்கியைக் காலி செய்து, ஒரே ஒரு கேலன் ஊற்றி, மாமாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓட்டிக் காட்டினாராம். மீட்டரில் சரியாகப் பதினைந்து நகர்ந்ததை மாமா தன் கண்ணால் பார்த்தார். திண்டிவனம் வந்து சேர்ந்ததிலிருந்து ஒன்பதைத் தாண்டவில்லை. மிச்சம் ஆறு மைலுக்கான பெட்ரோலை டிரைவர் திருடுகிறான் என்பது மாமாவின் கணக்கு. அதை நான் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுக்க வேண்டும்.

பட்டணத்திலிருந்து திண்டிவனத்துக்கு வந்த பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. வழியில் மூன்று இடத்தில் ரேடியேட்டர் கொதித்தது. மூன்று இடத்திலும் கண்டக்டர் இறங்கிப் போய்க் கிடைத்த குட்டையில் கிடைத்த தண்ணீரை மொண்டு வந்து ஊற்றினார். மூன்றாவது குட்டையில் எருமை படுத்திருந்தது. எங்கள் ஈப்போ பட்டறையில் இப்படி ஒருவன் செய்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன்.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "மலேயாவா? எங்க பெரியப்பா மவன் அங்கதான் இருக்கான். பேரு கன்னியப்பன். கறுப்பா, ஒசரமா இருப்பான். பாத்திருப்பீங்களே?" என்றார். பார்த்ததில்லை என்று சொன்னதும் நான் மலேயாவிலிருந்துதான் வருகிறேனா என்ற சந்தேகம் அவருக்கு வந்துவிட்டது. திண்டிவனம் வரைக்கும் என்னோடு பேசவில்லை.

இறங்கியதும் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஓர் ஓட்டலில் இட்லி சாப்பிட்டேன். பிய்க்க இரண்டு கை வேண்டியிருந்தது. காபி என்று கொடுத்ததில் காபியைத் தவிர எல்லாம் இருந்தது. பினாங்கில் கப்பலேறும் முன் குடித்த காபியை நினைத்துக்கொண்டே அதை விழுங்கிவிட்டு அக்கா வீட்டுக்கு நடந்தேன்.

வண்டி வாசலில் நின்றது. நல்ல வண்டி, அதைச் சொல்ல வேண்டும். ஆறு சிலிண்டர், அகலமான மூக்கு, பின்னால் இருபது மூட்டை தாங்கும் தொட்டி. ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால், டிரைவருக்கு எதிரே மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சந்தனக் கட்டி இருந்தது. வாங்கிய நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் அக்கா மீட்டர் கண்ணாடியின் மேல் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்திருக்கிறாள். பழையது காய, அதன் மேல் புதியது. ஒரு விரல் கனத்துக்கு ஏறியிருந்தது. முள்ளும் தெரியவில்லை, எண்ணும் தெரியவில்லை.

"அது மேல்மலையனூர் அம்மனுக்கு வச்சது மச்சான். யாரும் தொடக் கூடாது," என்றார் மாமா. "இந்தப் பய ஒரு நாளு துணியப் போட்டுத் தொடைக்கப் பாக்கறான். அறஞ்சிருப்பேன். போனாப் போவுதுன்னு உட்டேன்."

"அப்போ மைல் எப்படிக் கணக்குப் பார்க்கறீங்க?"

"ரோட்ல கல்லு நட்டு வச்சிருக்கறான் இல்ல? எண்ணிக்கினே போறது."

நூறு மைல் வேகத்துக்கு மீட்டர் வைத்த வண்டியை வாங்கி, மாட்டு வண்டிக்காரன் மாதிரிக் கல் எண்ணுகிற ஊர் இது என்று அன்றைக்குச் சிரித்தேன். ஆனால் எனக்கும் மைல் கல்லே போதும் என்றிருந்தது. பழைய மீட்டரை நம்புவதைவிடச் சர்க்கார் நட்ட கல்லை நம்பலாம். பட்டறையிலும் அப்படித்தான் செய்வேன்.

"பய" என்று மாமா சொன்னது டிரைவர் சவரிமுத்துவை. முப்பத்தைந்து வயது இருக்கும். செஞ்சிக்குப் போகும் வழியில் வல்லத்துப் பக்கம் ஒரு கிராமம். அவன் அப்பா அம்மா கூலிக்குக் களை எடுத்தவர்கள். ஒரு பாதிரியாரின் ஜீப்பைக் கழுவிக் கழுவியே வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவன் என்று அக்கா சொன்னாள். என்னைப் பார்த்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "வாங்கய்யா" என்று ஒரு கும்பிடு போட்டான். இவ்வளவு பணிவாக இருக்கிறானே, எடுக்கிறவன்தான் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பிளக்குகளைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். கார்புரேட்டரைப் பிரித்து ஊதினேன். நாலு டயருக்கும் காற்று அடித்தேன், நாலிலும் பாதிதான் இருந்தது. ஏர் கிளீனரைத் தட்டினால் ஒரு படி செம்மண் கொட்டியது. எல்லாம் முடிந்ததும் பெட்ரோல் பங்கில் டாங்கியைக் கழுத்துவரை நிரப்பச் செய்து, மூட்டைகளோடு விழுப்புரத்துக்குக் கிளம்பினோம். இருபத்து மூன்று மைல். போய்த் திரும்பினால் நாற்பத்தாறு. திரும்பி வந்து மறுபடி கழுத்துவரை நிரப்பினால் எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவு குடித்திருக்கிறது. இதற்கு மேல் சுத்தமான பரீட்சை உலகத்தில் கிடையாது.

இடது பக்கம் ஸ்டியரிங் உள்ள வண்டியில் நம் ஊர் ரோட்டில் போவது எப்படி என்று போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முன்னால் போகும் வண்டியைத் தாண்ட வேண்டுமென்றால் டிரைவருக்கு எதிரே வருவது தெரியாது. வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறவன் தலையை வெளியே நீட்டிப் பார்த்து, போகலாமா கூடாதா என்று சொல்ல வேண்டும். அந்த வேலை எனக்கு வந்து சேர்ந்தது. ஈப்போ ஃபோர்மேன், ஒரு வைக்கோல் வண்டியைத் தாண்டுவதற்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டு "போ, போ, இரு, இரு" என்று கத்திக்கொண்டு போனேன். வாய் நிறைய வைக்கோல் தூசி.

சவரிமுத்து நிதானமாகத்தான் ஓட்டினான். இறக்கம் வந்தால் இஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் விட்டான். அதற்கும் ஒரு அதட்டல் போட்டேன், பிரேக் போய்விடும் என்று. ஒரு மைல் கல்லைத் தாண்டும்போது அவன் என் பக்கம் திரும்பி, "ஐயா, இந்த வண்டி மீட்டரு..." என்று ஆரம்பித்தான்.

"மீட்டர் பேச்சே வேணாம். எனக்குக் கல்லு போதும்," என்றேன்.

விழுப்புரத்தில் மூட்டைகளை இறக்கிவிட்டு, ஜங்ஷன் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். இலை போட்டார்கள், தண்ணீர் தெளித்தார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். ரயில் வந்து இறங்கிய கூட்டத்துக்கெல்லாம் பரிமாறிவிட்டு, அடுத்த ரயிலுக்கு முன்னால் என் ஞாபகம் வந்தது. சாம்பாரில் ஒரு முருங்கைக்காய் நீந்திக்கொண்டிருந்தது. ஒருவர் எதிர் இலையில் இருந்துகொண்டு, "ஜல்தியா சாப்பிடுங்க, ரசம் தீந்துபூடும்" என்று எச்சரித்தார். ரசம் தீர்ந்துதான் போயிற்று. ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அந்த ஒரு மணி நேரமும் சவரிமுத்து வண்டியோடு தனியாக இருந்தான் என்பது கை கழுவும்போதுதான் உறைத்தது.

திண்டிவனம் திரும்பி நிரப்பினால் ஐந்து கேலன் பிடித்தது. நாற்பத்தாறு மைலுக்கு ஐந்து கேலன். ஒன்பதும் கொஞ்சமும். நான் இவ்வளவு சுத்தம் செய்த பிறகும் ஒன்பது. மாமா பங்கில் காத்துக்கொண்டிருந்தார். "பாத்தியா மச்சான்?" என்று என் தோளைத் தட்டினார், பந்தயத்தில் ஜெயித்தவர் மாதிரி. எனக்கு ஆத்திரமாக வந்தது. சாப்பாட்டுக் கடைக்காரன் மேல் பாதி, சவரிமுத்து மேல் பாதி.

மூன்றாம் நாள் திருவெண்ணெய்நல்லூர். பெண்ணையாற்றுப் பக்கம் ஒரு மிராசுதாரிடம் மல்லாட்டை பேச மாமா போகச் சொன்னார். இந்தத் தடவை காலி வண்டி. நானும் வண்டியை விட்டு ஒரு அடி நகரவில்லை. அக்கா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றை வண்டிக்குள்ளேயே சாப்பிட்டேன். சவரிமுத்து ஆற்றங்கரையில் உட்கார்ந்து தூக்குப் பாத்திரத்திலிருந்து கேப்பைக் கூழ் குடித்தான். அவன் பெட்ரோல் டாங்கிப் பக்கம் போகவில்லை. குழாய் ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறானா என்று அவன் கூழ் குடித்த நேரத்தில் சீட்டுக்கு அடியில் தேடிப் பார்த்தேன். ஒரு ஜெபமாலையும் பீடிக் கட்டும் இருந்தன.

கரும்பு வெட்டுகிற காலம். ரோடு முழுக்கக் கரும்பு வண்டி. அவன் காலில்தான் கோளாறு, ஆக்ஸிலேட்டரை அழுத்துகிறான் என்று எனக்குத் தோன்றியது. "எழுந்திரு, நான் ஓட்டுறேன்" என்று இடம் மாறிக்கொண்டேன். ஒரு பர்லாங்கு கூட இருக்காது. இடது பக்கம் உட்கார்ந்து பழக்கமில்லாததால் வண்டியின் வலது மூக்கு எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. முன்னால் வலது ஓரமாகப் போன கரும்பு வண்டியின் பின் கட்டையை இடித்து, ஒரு கட்டுக் கரும்பை ரோட்டில் சாய்த்தேன்.

"யோவ்! கண்ணு பொடனியிலயா இருக்குது?" என்று வண்டிக்காரன் குதித்து வந்தான். சவரிமுத்து இறங்கிப் போய், "அண்ணே, வெளியூரு ஐயா, தெரியாம ஆயிடுச்சு" என்று அவனைச் சமாதானம் செய்து, கரும்பையும் பொறுக்கிக் கட்டிக் கொடுத்தான். நான் ஸ்டியரிங்கைத் திட்டிக்கொண்டு இறங்கி என் பழைய இடத்துக்குப் போனேன்.

திரும்பி வரும்போதுதான் நான் தேடியது கிடைத்தது. குளிர்ந்த இஞ்சினைக் கிளப்ப இழுக்கும் சோக் குமிழ் அரை அங்குலம் வெளியே வந்திருந்தது. சோக் இழுத்தபடி ஓடும் வண்டி பெட்ரோலைத் தண்ணீர் மாதிரிக் குடிக்கும், எந்த டிரைவருக்கும் தெரிந்த விஷயம். "இது என்னாது?" என்றேன்.

"அது ஆட்டத்துல தானா வெளிய வருதுங்க. நான் அப்பப்போ தள்ளிக்கினுதான் வர்றேன்." தள்ளிவிட்டான். "ஐயா, ஒண்ணு சொல்லட்டுங்களா? இந்தக் கணக்கு..."

"ரோட்டப் பாத்து ஓட்டு."

அன்றைக்கும் ஒன்பதரை. காலி வண்டிக்கு ஒன்பதரை! என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. அதன் அழகை நீங்கள் பார்க்க வேண்டும். தனியாகப் போகும் நாளில் இவன் பெட்ரோலை எடுக்கிறான். நான் கூட இருக்கும் நாளில் எடுக்க முடியாது. எடுக்காத நாளில் பதினைந்து வந்துவிட்டால் எடுக்கிற நாள் அகப்பட்டுப் போகும். ஆகையால் நான் இருக்கும்போது சோக்கை இழுத்து எரித்தாவது ஒன்பதிலேயே நிறுத்துகிறான். இவ்வளவு கெட்டிக்காரத்தனத்தைக் கண்டுபிடிக்க ஈப்போவிலிருந்துதான் ஆள் வர வேண்டியிருந்தது என்று அன்றைக்கு மார்தட்டிக்கொண்டேன்.

நாலாம் நாள் அமாவாசை. மாமா குடும்பத்தோடு மேல்மலையனூருக்குக் கிளம்பினார். பின் தொட்டியில் ஜமுக்காளம் விரித்து அக்காவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் ஏறிக்கொண்டார்கள். செஞ்சி தாண்டியதிலிருந்து ரோடு கூட்டமாக இருந்தது. பஸ் மேல் ஆள், மாட்டு வண்டியில் ஆள், நடந்து போகும் ஆள், எலுமிச்சம்பழ மாலையோடு ஆள். ஹாரனுக்கு யாரும் நகரவில்லை. ஒரு கிழவர் நடு ரோட்டில் நின்று எங்கள் வண்டியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் ஒதுங்கினார். அது மீட்டரில் இருந்த சந்தனத்துக்கா, அமெரிக்காக்காரன் மூக்குக்கா என்று தெரியவில்லை.

சாமி கும்பிட்டு வந்த கையோடு மாமா ஒரு கட்டிக் கற்பூரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சவரிமுத்துவைக் கூப்பிட்டார். இந்தப் பக்கத்து வழக்கம் அது. குற்றம் சொல்லப்பட்டவன் அம்மன் எதிரில் எரியும் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் விவகாரம் முடிந்துவிடும். பொய் சொன்னால் அம்மன் பார்த்துக்கொள்வாள். "அணைச்சுட்டுப் போடா. நான் அப்புறம் ஒரு வார்த்த கேக்க மாட்டேன்," என்றார் மாமா.

சவரிமுத்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "மொதலாளி, நாங்க வேதக்காரங்க. எங்க மாதா கோயிலுக்கு வாங்க, எத்தினி வாட்டி வேணாலும் சொல்றேன். இங்க என்னால முடியாதுங்க."

"மனசு சுத்தமா இருந்தா எந்தச் சாமியா இருந்தா என்னா?" என்றாள் கூட வந்த ஒருத்தி. சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். கற்பூரம் எரிந்து தீர்ந்தது. அது வரைக்கும் அவன் அசையவில்லை.

எனக்கு இந்த நாடகம் எல்லாம் வேடிக்கையாக இருந்தது. கற்பூரத்தை அணைத்தால் நல்லவன், அணைக்காவிட்டால் திருடன், இதுவும் ஒரு விசாரணையா? நான் விஞ்ஞானப்படி நடக்கிறவன். திரும்பி வந்து திண்டிவனம் பங்கில் நின்றபோது சாயங்காலம். எதிரே டீக்கடையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள், லாரி டிரைவர்களும் மூட்டை தூக்குகிறவர்களும். எல்லாரும் சவரிமுத்துவைத் தெரிந்தவர்கள். மாமா அங்கேதான் பேச்சை எடுத்தார். "மச்சான், நீ மலேயாவுல பெரிய பட்டறையில இருக்கறவன். மூணு நாளு கூடவே போய் வந்திருக்கற. நீயே சொல்லு. எடுக்கறானா, இல்லையா?"

டீக்கடையில் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவன் ஒரு சொட்டு எடுத்ததை நான் பார்க்கவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கடல் தாண்டி வந்து, கார்புரேட்டரைப் பிரித்து, டயருக்குக் காற்றடித்து, ஒன்பதை ஒன்பதாகவே விட்டுப் போகிற ஃபோர்மேனாக இருக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். வேறு காரணம் இருந்ததாக இன்றைக்குச் சொன்னால் அது பொய்.

"எடுக்கறான்," என்றேன். சோக் குமிழைப் பற்றியும் விளக்கினேன். லாரி டிரைவர் ஒருவர் "அடப்பாவி" என்றார்.

சவரிமுத்து சாவியையும் இஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் ஹேண்டிலையும் கொண்டு வந்து வண்டியின் மூக்கு மேல் வைத்தான். "ஒரு சொட்டு என் வூட்டுக்குப் போனதில்லீங்க," என்றான். யாரிடம் என்று தெரியவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு செஞ்சி ரோட்டில் நடந்தான். ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. புது டிரைவர் வருவதாக இருந்தது. கை மாறுவதால் பழைய சந்தனத்தை எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும் என்று அக்கா ஒரு சொம்பு தண்ணீரும் தேங்காய் நாருமாக வந்து வண்டியில் ஏறினாள். நான் பக்கத்தில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தேன். தண்ணீர் விட்டு ஊற வைத்துத் தேய்த்தாள். சந்தனம் ஏடு ஏடாகப் பெயர்ந்து விழுந்தது. முதலில் முள் தெரிந்தது. பிறகு எண்கள். எண்களுக்குக் கீழே இரண்டு எழுத்து தெரிந்தது. கே, எம்.

கிலோமீட்டர்.

புதுச்சேரி வெள்ளைக்காரர் வண்டி. வண்டி அமெரிக்காவில் செய்தது என்றாலும் பிரெஞ்சுக்காரருக்கென்று அனுப்பியது; அவர் நாட்டில் மைல் கிடையாது. ஸ்டியரிங் இடது பக்கம் இருப்பதை மூன்று நாள் கேலி செய்தவனுக்கு மீட்டரும் அந்த நாட்டு மீட்டராக இருக்கும் என்று தோன்றவில்லை. ஐந்து மைல் என்பது எட்டு கிலோமீட்டர். தரகர் மாமாவுக்குக் காட்டிய பதினைந்து, ஒன்பது மைலும் கொஞ்சமும். இந்த வண்டி பிறந்ததிலிருந்து ஒரு கேலனுக்கு ஒன்பது மைல்தான் ஓடியிருக்கிறது. ஒரு சொட்டும் யாரும் எடுக்கவில்லை.

"என்னாடா, பேயறஞ்ச மாதிரி நிக்கற?" என்றாள் அக்கா.

மாமாவிடம் சொன்னேன். இரண்டு தடவை விரல் விட்டு எண்ணிக் காட்டிய பிறகுதான் புரிந்தது. உடனே புதுச்சேரித் தரகரையும் அவர் பரம்பரையையும் திட்ட ஆரம்பித்தார். நன்றாகத் திட்டினார், அரை மணி நேரம். சவரிமுத்து பேரே வரவில்லை. நானாக எடுத்தேன். "அவனா? ஆள் அனுப்புனா வந்துடுவான். எங்க போயிடப் போறான்?" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தரகருக்குப் போய்விட்டார்.

ஆள் அனுப்ப வேண்டாம், நானே போகிறேன் என்று வல்லத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். இந்த பஸ்ஸிலும் ரேடியேட்டர் கொதித்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. இறங்கி விசாரித்ததில், மல்லாட்டை பிடுங்கும் கூலிக்குப் போயிருக்கிறார் என்று ஒரு புன்செய்க் கொல்லையைக் காட்டினார்கள். பெண்களுக்கு நடுவே ஒரே ஆணாகச் சவரிமுத்து குந்தி, செடியைப் பிடுங்கி மண்ணை உதறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்தார். கும்பிடவில்லை. கையில் மண் இருந்தது.

வரும் வழியெல்லாம் சொற்களை அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். மீட்டர், கிலோமீட்டர், ஐந்துக்கு எட்டு, எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். கண்டுபிடித்தது நான் என்பதும் அதில் இருந்தது. அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"அது கிலோமீட்டருன்னு எனக்குத் தெரியுங்க," என்றார். "வண்டி வந்த புதுசுல, மொத வெள்ளிக்கெழம சந்தனம் வைக்கறதுக்கு முன்ன, கண்ணாடி சுத்தமாத்தான் இருந்துச்சு. ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவால ஒண்ணரைக்கு மேல நகருதேன்னு பாத்தேன். மொதலாளிகிட்ட சொன்னேன், கத கட்டறயான்னாரு. சந்தனத்தத் தொடச்சுக் காட்டலாம்னு போனேன், அடிக்க வந்தாரு. மலேயாவுலேருந்து ஐயா வர்றாரு, மெக்கானிக்கு, அவருகிட்ட சொன்னாப் புரிஞ்சிக்குவாருன்னு காத்துக்கினு இருந்தேன்."

அவர் கையிலிருந்த செடியை உதறிக் குவியலில் போட்டார்.

"பிளக்கைக் கயட்டிப் பாத்தீங்க. டயரத் தட்டிப் பாத்தீங்க. சீட்டுக்கடியில தேடுனீங்க, அதுவும் தெரியும். பக்கத்துலயே உக்காந்துகினு வந்தீங்க. என்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியேங்க."

பக்கத்தில் பிடுங்கிக்கொண்டிருந்த பெண்களின் கையும் நின்றிருந்தது. கூனிக் குறுகிப் போனேன் என்று எழுதுவார்களே, அது என்னவென்று அன்றைக்குத் தெரிந்தது. கற்பூரத்தைப் பார்த்துச் சிரித்தவன் நான். அந்தக் கற்பூரமாவது அவரை வாயைத் திறந்து பேசச் சொன்னது.

"வேலைக்கு வந்துடுங்க. மாமா கூப்பிட்டார்," என்றேன்.

"வர்றேங்க. மூணு புள்ளைங்க இருக்குதுங்க, வராம என்னா பண்றது." துண்டால் கையைத் துடைத்தார். "ஆனா அந்த டீக்கடைக்கு எதுத்தாப்பலதான் தெனம் பெட்ரோல் போடணும். அங்க சொன்னத அங்கயே வந்து இல்லன்னு சொல்லிட்டுப் போங்க."

சொன்னேன். அடுத்த நாள் காலை, ஊருக்குக் கிளம்பும் முன், மாமாவையும் இழுத்துக்கொண்டு போய் அதே டீக்கடையில், அதே இடத்தில் நின்று சொன்னேன். சவரிமுத்து எடுக்கவில்லை, தப்பு என்னுடையது, மீட்டரைப் பார்க்காமல் சொல்லிவிட்டேன் என்றேன். திருடன் என்றபோது டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டவர்கள், இல்லை என்றபோது டம்ளரை எடுத்துக் குடித்தார்கள். மாஸ்டர் டீயை ஆற்றுவதை நிறுத்தவில்லை. "அப்படியா" என்றார் ஒருவர். அன்றைக்கு "அடப்பாவி" என்ற லாரி டிரைவர் தினத்தாளைத் திருப்பினார். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் உரக்கச் சொல்லலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

ஸ்டேஷனுக்கு சவரிமுத்துதான் என்னைக் கொண்டுபோய் விட்டார். அக்கா இந்தத் தடவை சந்தனத்தைக் கண்ணாடிக்கு மேலே, சட்டத்தில் வைத்திருந்தாள். முள் தெளிவாகத் தெரிந்தது. ஒரு கட்டை வண்டி குறுக்கே வந்தது. நான் தலையை நீட்டிப் பார்த்து, "போகலாம்" என்றேன். தாண்டினோம்.

"சவரிமுத்து," என்றேன். வந்த நாளிலிருந்து பதில் தெரிந்துகொள்வதற்காக அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி அது. "நல்லா ஓட்டினா இந்த வண்டி எவ்வளவு கொடுக்குங்க?"

அவர் சோக் குமிழை ஒரு விரலால் உள்ளே தள்ளிவிட்டு, கொஞ்ச தூரம் ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

"ஒம்போதுங்க," என்றார். "காலி வண்டியா இருந்தா, ஒம்போதரை."